நிழலை அளந்து நெஞ்சை அறிதல்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஆற்றில் எறியும் பொருளுக்கே அளவு வேண்டுமெனின், அந்த ஆற்றுக்கு அளவு வேண்டாவோ? நம் உடலுக்குள்ளும் ஓர் ஆறு ஓடுகின்றது. அது குருதி என்னும் செந்நீர் ஆறு. மலையிற் பிறந்து கடலிற் கலக்கும் ஆறுகளைப் போல அது ஓடி முடிவதில்லை. புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்து மீண்டும் புறப்படுகின்றது. அதனை இரவும் பகலும் இறைத்துச் செலுத்தும் ஏற்றமாக அமைந்திருப்பது நம் இதயம். இந்த ஏற்றத்தின் சால் ஒரு முறைக்கு எவ்வளவு இறைக்கின்றது? வினா எளிது. ஆயினும் இதற்கு நேரிய விடை காண மனிதருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒரு நிழலை அளந்தே அவ்விடையை அவர்கள் கண்டனர். அவ்வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இதயம் நான்கு அறைகளை உடையது. மேலே இரண்டு அறைகளும் கீழே இரண்டு அறைகளும் உள்ளன. உடலெங்கும் சுற்றித் திரும்பிய குருதியை வலப்புறத்து அறைகள் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகின்றன. அங்கே உயிர்வளி ஏற்றுத் தூய்மை பெற்ற குருதி, இட மேலறையை அடைந்து, அங்கிருந்து இடக் கீழறைக்குள் இறங்குகின்றது. இந்த இடக் கீழறையே உச்சி முதல் உள்ளங்கால் வரை குருதியைச் செலுத்தும் பொறுப்பை ஏற்றது. ஆதலின் நான்கு அறைகளுள்ளும் இதன் தசைச் சுவரே மிகத் தடித்தது. குருதி இதனுள் நுழையும் வாயிலில் ஒரு கதவும், வெளியேறும் வாயிலில் ஒரு கதவும் உண்டு. இவை ஒரு பக்கமாகவே திறப்பவை. வால்வு என்று வழங்கப்படுபவை. நிமிடத்திற்கு 72 முறை துடிக்கும் இதயம், ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கின்றது. அத்தனை முறையும் இவ்வறை விரிந்து நிரம்புகின்றது; சுருங்கி வெளியேற்றுகின்றது.

இவ்வறையைப் பற்றி மருத்துவர் அறிய விரும்பும் அளவுகள் இரண்டு. அறை முழுதும் விரிந்து நிரம்பிய நிலையில் எவ்வளவு குருதியைக் கொள்ளுகின்றது என்பது ஒன்று. சுருங்கி முடிந்த நிலையில் உள்ளே எவ்வளவு எஞ்சி நிற்கின்றது என்பது மற்றொன்று. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால், ஒரு துடிப்பில் வெளியேறிய அளவு கிடைக்கும். அந்த அளவு, நிரம்பியிருந்த அளவில் எத்தனை பங்கு என்று பார்த்தால் கிடைப்பது வெளியேற்றப் பங்கு. நூறு பங்கில் இத்தனை என்று விழுக்காட்டில் இதனைக் கூறுவது வழக்கம். அறையின் தசை எவ்வளவு வலிமையோடு உழைக்கின்றது என்பதற்கு இப்பங்கு ஒரு சான்றாகும்.

இப்பங்கினைப் பற்றி முதன்முதல் ஆழ்ந்து எண்ணியவர் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர். அவருடைய காலத்திற்கு முன், குருதி சுற்றி வருகின்றது என்பதை ஐரோப்பிய மருத்துவ உலகம் ஏற்கவில்லை. நாம் உண்ணும் உணவிலிருந்து கல்லீரல் குருதியை ஓயாது ஆக்குகின்றது என்றும், உடலுறுப்புகள் அதனை ஓயாது செலவழித்து விடுகின்றன என்றும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம்பி வந்தனர். ஹார்வி இதனை ஒரு கணக்கினால் மறுத்தார். இறந்தவர் ஒருவரின் இடக் கீழறை இரண்டு அவுன்சுக்கு மேற்பட்ட குருதியைக் கொள்ளுவதை அவர் கண்டிருந்தார். ஒரு துடிப்பில் அதன் எத்தனை பங்கு வெளியேறும் என்பதை அறிய அவருக்கு வழியில்லை. எனவே நான்கில் ஒரு பங்காக இருக்கலாம், அல்லது எட்டில் ஒரு பங்காகவேனும் இருக்கலாம் என்று மிகக் குறைவாகவே வைத்துக் கொண்டார்.

நான்கில் ஒரு பங்கு என்றால் அரை அவுன்சு ஆகின்றது. அரை மணி நேரத்தில் இதயம் ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கும். அவ்வாறாயின் அரை மணியில் வெளியேறும் குருதி ஐந்நூறு அவுன்சு; இன்றைய அளவையில் ஏறத்தாழ 14 லிட்டர். ஒரு மனிதனின் உடலில் உள்ள குருதி முழுவதும் சேர்ந்தாலும் சுமார் 5 லிட்டரே இருக்கும். அரை மணிக்கு 14 லிட்டர் குருதியை எந்த உணவு ஆக்கித் தரும்? ஆகவே சென்ற குருதியே திரும்பி வருகின்றது என்று ஹார்வி முடிவு கட்டினார். இம்முடிவை விளக்கும் அவரது நூல் 1628-ஆம் ஆண்டு வெளிவந்தது. முடிவு உறுதியாயிற்று. ஆயினும் அந்தப் பங்கு மட்டும் ஊகமாகவே நின்றுவிட்டது. உயிரோடு இருப்பவர் மார்பைத் திறந்து, துடிக்கும் அறைக்குள் நாழியையும் உழக்கையும் இட்டு யார் அளக்க முடியும்?

மார்பைத் திறவாமலே உள்ளே நோக்கும் வழியை 1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஜெர்மன் நாட்டு அறிஞர் ராண்ட்ஜன் கண்டுபிடித்தார். எக்ஸ் கதிர்கள் என்று அவர் பெயரிட்ட கதிர்கள் தசையை ஊடுருவிச் செல்லும். எலும்பை ஊடுருவ இயலாமற் பெரிதும் தடைபடும். எனவே கதிர்களின் பாதையில் கையை வைத்தால், மறுபுறத்தில் எலும்புகளின் நிழல் விழுகின்றது. இக்கண்டுபிடிப்புக்காக 1901-இல் பௌதிகத்துக்குரிய முதல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

எனினும் எலும்பைக் காட்டிய கதிர், இதயத்தின் உள்ளறையைக் காட்டவில்லை. இதயத்தின் சுவர் தசையால் ஆனது; உள்ளே நிரம்பியிருப்பது குருதி. எக்ஸ் கதிருக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. எனவே இதயத்தின் வெளிப்புற வடிவம் ஒரு மங்கிய நிழலாகத் தெரியும்; சுவர் எங்கே முடிகின்றது, உள்ளறை எங்கே தொடங்குகின்றது என்பது தெரியாது. இக்குறையை நீக்க மூன்று பொருள்கள் தேவைப்பட்டன. குருதியை மட்டும் கருநிழலாகக் காட்டும் ஒரு கலவை வேண்டும். அக்கலவையை அறைக்குள்ளேயே கொண்டு சேர்க்கும் ஒரு பாதை வேண்டும். கணந்தோறும் மாறும் அந்நிழலை விடாது பதிவு செய்யும் ஒரு கருவியும் வேண்டும்.

கலவைக்கு அயோடின் உதவிற்று. அயோடின் அணுக்கள் எக்ஸ் கதிர்களைப் பெரிதும் தடுப்பவை. அயோடின் சேர்ந்த தெளிந்த நீர்மம் குருதியோடு கலந்தால், அக்குருதி தங்கியிருக்கும் இடம் முழுவதும் நிழலாகின்றது.

பாதையைத் திறந்தவர் வெர்னர் போர்ஸ்மன் என்னும் இளம் ஜெர்மன் மருத்துவர். 1929-ஆம் ஆண்டில், உயிருள்ள மனிதரின் இதயத்துக்குள் குழலைச் செலுத்துவது கொலைக்கு ஒப்பானது என்று பலரும் அஞ்சினர். போர்ஸ்மன் பிறர் எவரையும் சோதனைக்கு உட்படுத்தவில்லை. தம் இடக்கையின் சிரையில் ஒரு மெல்லிய குழலை நுழைத்து, 65 செண்டிமீட்டர் அளவுக்கு உள்ளே செலுத்தினார். பின்னர் அக்குழலோடு எக்ஸ் கதிர் அறைக்கு நடந்து சென்று, குழலின் நுனி தம் இதயத்தை அடைந்திருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். அக்காலத்தில் அவருக்குக் கிடைத்தது பாராட்டைக் காட்டிலும் கண்டனமே. பின்னாளில் குர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் என்னும் இருவர் அமெரிக்காவில் இம்முறையை வளர்த்து மருத்துவத்திற்குப் பயன்படச் செய்தனர். 1956-இல் மருத்துவத்துக்குரிய நோபல் பரிசு மூவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. கையிலோ தொடையிலோ உள்ள தமனி வழியாகக் குழலை நுழைத்து, குருதி ஓட்டத்தை எதிர்த்து மேலேற்றி, இடக் கீழறைக்குள்ளேயே சேர்க்கும் முறையும் நாளடைவில் கைவந்தது.

நிழலைப் பதிவு செய்யும் கருவியே எளிதில் அமையவில்லை. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்தில் ஜான் மாக்கின்டைர் என்பவர், தவளையின் கால் அசைவதை எக்ஸ் கதிர்த் திரைப்படமாக 1897-இலேயே காட்டினார். ஆனால் தடித்த மனித மார்பை ஊடுருவி வரும் கதிர்கள் திரையில் எழுப்பும் ஒளி மிக மங்கலானது. அதனைக் காண விரும்பும் மருத்துவர் முன்னதாகவே இருட்டில் அமர்ந்தோ, சிவப்புக் கண்ணாடி அணிந்தோ தம் கண்களைப் பழக்கிக் கொள்ள வேண்டியிருந்தது. 1948-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் ஜான் கோல்ட்மன் இத்துன்பத்திற்கு ஒரு வழி கண்டார். அவர் அமைத்த குழாயில், கதிர்கள் எழுப்பும் ஒளி மின்னணுக்களாக மாறுகின்றது. அம்மின்னணுக்கள் விரைவு பெற்று ஒரு சிறு திரையில் குவிந்து பன்மடங்கு ஒளியை எழுப்புகின்றன. அச்சிறு திரையின் எதிரே திரைப்படக் கருவியை வைக்கலாம். தொலைக்காட்சிக் கருவியையும் வைக்கலாம். 1956-இல் காட்சிகளைக் காந்த நாடாவில் பதிக்கும் பொறியும் விற்பனைக்கு வந்தது. வேண்டியவை யாவும் இவ்வாறு ஒன்று கூடின.

இனி, அளக்கும் முறையைக் காண்போம். நோயாளர் விழித்திருக்கும்போதே குழலின் நுனி இடக் கீழறையில் நிலைபெறுகின்றது. அயோடின் நீர்மம் சுமார் 30 முதல் 40 மில்லி லிட்டர் வரை ஒரு சில வினாடிகளில் உட்செலுத்தப்படுகின்றது. உடனே, அதுவரை ஒன்றும் காணாதிருந்த இடத்தில் அறையின் வடிவம் கருமையாக எழுகின்றது. ஒரு புறம் அகன்று, மறு புறம் கூம்பிய வாழைப்பூவைப் போன்ற வடிவம் அது. அது விரிகின்றது, சுருங்குகின்றது, மீண்டும் விரிகின்றது. நான்கைந்து துடிப்புகளுக்குள் கருமை கலைந்து மறைந்து விடுகின்றது. அந்தச் சில வினாடிக் காட்சியே நாம் அளக்க வேண்டிய பொருள்.

பொருளை அளப்பதற்கும் நிழலை அளப்பதற்கும் வேறுபாடு உண்டு. நிழல் பொருளைக் காட்டும். ஆனால் உள்ளது உள்ளபடி காட்டாது. அறையின் நிழலை அளக்கப் புகுந்தவர்கள் மூன்று பிழைகளைக் கண்டு திருத்த வேண்டியிருந்தது.

முதற்பிழை பெருக்கம். இரவில் விளக்கிற்கும் சுவருக்கும் இடையே கையை நீட்டிப் பாருங்கள். சுவரில் விழும் நிழல் கையைவிடப் பெரிதாக இருக்கும். விளக்கின் அருகே கையைக் கொண்டு செல்லச் செல்ல நிழல் மேலும் வளரும். எக்ஸ் கதிர்களும் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து செல்வனவே. ஆகவே திரையில் விழும் நிழலும் அறையைவிடப் பெரியதே. நீளத்தில் பத்தில் ஒரு பங்கு மிகுவது சிறு பிழையாகத் தோன்றலாம். ஆனால் கொள்ளளவு, நீளம், அகலம், தடிப்பு ஆகிய மூன்றையும் பெருக்கி வருவது. மூன்றும் 1.1 மடங்கு ஆனால், கொள்ளளவு 1.331 மடங்காகி, நூற்றுக்கு முப்பத்து மூன்று மிகுந்துவிடும். இதனைத் திருத்த, அளவு தெரிந்த ஓர் உருண்டையையோ கட்டங்கள் வரைந்த தகட்டையோ இதயம் இருந்த அதே தொலைவில் வைத்துப் படமெடுப்பர். அதன் நிழல் எத்தனை மடங்கு பெரிதாயிற்று என்று கண்டு, அறையின் நிழலை அத்தனை மடங்கு குறைத்துக் கொள்வர்.

இரண்டாம் பிழை தட்டை. அறை நீளமும் அகலமும் தடிப்பும் உடையது. நிழலுக்கோ தடிப்பு இல்லை. இல்லாத தடிப்பை எங்கிருந்து பெறுவது? அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஹெரால்டு டாட்ஜ் என்பவரும் அவருடைய துணைவரும் 1960-ஆம் ஆண்டு இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர். ஒரே நேரத்தில் இரு திசைகளிலிருந்து படமெடுத்தால், ஒரு படம் காட்டாத தடிப்பை மற்றொன்று காட்டும். அறையை முட்டை போன்றதொரு நீள்வட்டத் திண்மமாகக் கொண்டால், அதன் கொள்ளளவைக் கணித நூல் கூறும் வாய்பாட்டால் பெறலாம். நீளத்தையும் இரு அகலங்களையும் பெருக்கி, வந்ததை 0.52 என்னும் எண்ணால் பெருக்க வேண்டும். நிழலின் ஓரம் மேடு பள்ளமாக இருப்பதால், அகலத்தை ஓரிடத்தில் அளவுகோல் வைத்து அளப்பதில்லை. நிழலின் பரப்பையும் நீளத்தையும் அளந்து, அவற்றிலிருந்து சராசரி அகலத்தைக் கணக்கிடுவர். இரு அகலங்களும் ஏறத்தாழ ஒத்திருப்பதால், ஒரு திசைப் படமே பல நேரங்களில் போதும் என்பதைச் சாண்ட்லரும் டாட்ஜும் 1968-இல் காட்டினர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். பெருக்கம் திருத்தப்பட்ட பின், விரிந்த நிலையில் அறையின் நீளம் 9 செண்டிமீட்டர், அகலம் 5 செண்டிமீட்டர் எனக் கொள்வோம். 9-ஐ 5-ஆலும் மீண்டும் 5-ஆலும் பெருக்கினால் 225. அதனை வாய்பாட்டின்படி குறைத்தால், சுமார் 118 மில்லி லிட்டர். சுருங்கிய நிலையில் நீளம் 7 செண்டிமீட்டர், அகலம் 3.7 செண்டிமீட்டர் எனின், கொள்ளளவு சுமார் 50 மில்லி லிட்டர். வெளியேறியது 68 மில்லி லிட்டர். வெளியேற்றப் பங்கு சுமார் 58 விழுக்காடு. இது நலமுள்ள இதயத்தின் அளவே ஆகும். நிமிடத்திற்கு 72 முறை என்றால், நிமிடந்தோறும் ஏறத்தாழ 4.9 லிட்டர் குருதி இவ்வறையிலிருந்து புறப்படுகின்றது. ஹார்வி நான்கில் ஒன்று என்றும் எட்டில் ஒன்று என்றும் ஊகித்த பங்கு, உண்மையில் பாதிக்கும் மேற்பட்டது என்பதை இங்கே காண்கிறோம்.

மூன்றாம் பிழை உட்சுவரின் கரடு. இடக் கீழறையின் உட்புறம் வழவழப்பானது அன்று. தசை வரப்புகளும், வால்வின் நாண்களைப் பற்றி நிற்கும் தசைத் தூண்களும் அங்கே உள்ளன. அயோடின் கலந்த குருதி அவ்வரப்புகளின் இடுக்குகளிலும் புகுந்து நிற்கும். நிழலின் வெளியோரத்தை வைத்துக் கணக்கிடும்போது, இடையிலுள்ள தசையும் குருதியாகவே எண்ணப்பட்டு விடும். எனவே இம்முறை உண்மையைக் காட்டிலும் சற்று மிகுத்தே கூறும். எவ்வளவு மிகுத்துக் கூறும் என்பதை ஆய்வாளர் சோதித்தே அறிந்தனர். இறந்தோரின் இதய அறைகளில், எக்ஸ் கதிருக்குத் தெரியும் பொருளை அளந்து நிரப்பிப் படமெடுத்தனர். நிழல் கூறிய அளவையும், தாம் நிரப்பிய அளவையும் ஒப்பிட்டனர். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு திருத்தமாகக் கணக்கில் சேர்த்தனர்.

இவ்வாறு முறை அமைந்தது. ஆயினும் உழைப்பு மிகுந்திருந்தது. ஒவ்வொரு படத்திலும் நிழலின் ஓரத்தைக் கையால் வரைய வேண்டும், பரப்பை அளக்க வேண்டும், கணக்கிட வேண்டும். ஒரு துடிப்புக்கே பற்பல படங்கள் உண்டு. எனவே மிக விரிந்த படம் ஒன்றையும் மிகச் சுருங்கிய படம் ஒன்றையும் மட்டும் பொறுக்கி எடுத்து, இடைப்பட்டவற்றை விட்டுவிடுவதே வழக்கமாயிற்று.

தொலைக்காட்சிப் படம் இவ்வுழைப்பைக் குறைக்க வழி காட்டிற்று. தொலைக்காட்சிப் படம் பல நூறு கிடைக்கோடுகளால் ஆனது. ஒவ்வொரு கோட்டிலும் ஒளி மிகும் இடத்தில் மின்னோட்டம் ஒரு வகையாகவும், நிழல் விழும் இடத்தில் வேறு வகையாகவும் அமைகின்றது. ஆகவே ஒரு கோட்டில் மின்னோட்டம் திடீரென்று மாறும் இரண்டு இடங்களே நிழலின் இரண்டு ஓரங்கள். இவற்றைக் கண்டறியக் கை வேண்டுவதில்லை. பொறியே கண்டு கொள்ளும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரத்திலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில், ஏர்ல் வுட் என்னும் உடலியல் அறிஞர் தம் குழுவினருடன் இம்முறையை வளர்த்தார். ரிட்மன், ஸ்டர்ம், வுட் ஆகியோர் இரு திசைகளிலும் வினாடிக்கு 60 படங்களை அளக்கும் அமைப்பொன்றை 1973-இல் விளக்கி எழுதினர்.

வெள்ளரிக்காயை நறுக்குவதை நினைத்துக் கொண்டால் இவ்வமைப்பு விளங்கும். முழுக் காயின் வடிவம் கோணலாக இருக்கலாம். ஆனால் மெல்லிய வில்லைகளாக நறுக்கினால், ஒவ்வொரு வில்லையும் ஏறத்தாழ வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். தொலைக்காட்சியின் ஒவ்வொரு கோடும் அறையின் ஒரு வில்லை. இரு திசைப் படங்களிலும் அக்கோட்டில் ஓரத்திற்கு ஓரம் உள்ள தொலைவே அவ்வில்லையின் இரு அகலங்கள். வில்லைகளின் அளவை எல்லாம் கணிப்பொறி கூட்டினால் அறையின் கொள்ளளவு கிடைக்கும். அறை முட்டை வடிவானது என்று முன்கூட்டியே கொள்ள வேண்டுவதில்லை. நிமிடத்திற்கு 72 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 50 படங்கள் கிடைக்கும். அறை எந்தக் கணத்தில் விரைந்து நிரம்புகின்றது, எந்தக் கணத்தில் விரைந்து சுருங்குகின்றது, சுவரின் எப்பகுதி சோர்ந்து நிற்கின்றது என்பன எல்லாம் இவற்றால் விளங்கும். ஆயினும் நிழல் மங்கிய இடங்களில் பொறி தடுமாறும். அங்கே பயின்ற மனிதரின் கண்ணே தீர்ப்புக் கூற வேண்டியிருந்தது.

'இத்தனை நுட்பமாக அளந்து பெறும் பயன் யாது?' என்று நீங்கள் வினவலாம். ஒரு நோயாளரின் நிலையைக் கருதுவோம். அவருடைய இட மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட வால்வு சரியாக மூடுவதில்லை. கீழறை சுருங்கும்போது குருதியில் ஒரு பகுதி முன்னோக்கிச் செல்கின்றது. மற்றொரு பகுதி பழுதான கதவின் வழியே பின்னோக்கிப் பாய்கின்றது. அவருடைய கீழறையை அளந்தபோது, விரிந்த நிலையில் 200 மில்லி லிட்டரும், சுருங்கிய நிலையில் 70 மில்லி லிட்டரும் இருந்தன எனக் கொள்வோம். வெளியேறியது 130; வெளியேற்றப் பங்கு 65 விழுக்காடு. 'இதயம் நன்றாக இயங்குகின்றது' என்று கூறத் தோன்றும்.

ஆனால் உடலை நோக்கிச் செல்லும் குருதியை வேறொரு முறையால் தனியே அறியலாம். உடல் செலவிடும் உயிர்வளியைக் கொண்டு அதனைக் கணக்கிடும் வழியை அடால்பு பிக் என்னும் அறிஞர் 1870-இலேயே கூறியிருந்தார். அம்முறையால் ஒரு துடிப்புக்கு 60 மில்லி லிட்டரே உடலுக்குச் செல்கின்றது என்று தெரிந்தால், எஞ்சிய 70 மில்லி லிட்டர் எங்கே போயிற்று? அதுவே கதவின் வழியே பின்னோக்கிக் கசிந்த அளவு. வரவையும் செலவையும் ஒட்டிப் பார்த்துக் களவைக் கண்டுபிடிக்கும் கணக்கரைப் போல, இவ்விரு அளவுகளையும் ஒட்டிப் பார்த்து மருத்துவர் கசிவைக் கண்டு விடுகின்றார்.

பெருக்கப் பிழையைத் திருத்தாது விட்டிருந்தால் இங்கே என்ன நேரும்? விரிந்த நிலை, சுருங்கிய நிலை இரண்டும் ஒரே மடங்கு மிகுவதால், 65 விழுக்காடு என்னும் பங்கு மாறாது. ஆனால் 130 என்பது 173 ஆகிவிடும். கசிவு 70-க்கு மாறாக 113 என்று தோன்றும். சில பிழைகள் தம்முள் அடிபட்டு மறையும். சில பிழைகள் வளர்ந்து ஆளை மயக்கும். எந்தக் கணக்கில் எந்தப் பிழை எப்படி நடந்து கொள்ளும் என்பதை அறியாதவன் அளந்தும் பயன் பெறான்.

இன்னும் ஒன்று காண்க. நலமுள்ள ஒருவருக்கு வெளியேற்றப் பங்கு 58 விழுக்காடு என்றால் கவலை இல்லை. ஆனால் இந்த வால்வில் கடுமையான கசிவு உடையவர்க்கு அதே 58 எச்சரிக்கை மணியாகும். பின்புறக் கதவு திறந்து கிடப்பதால் எளிதாக வெளியேற்றக்கூடிய அறை, அந்நிலையிலும் 60 விழுக்காட்டை எட்டவில்லை என்றால், அதன் தசை தளரத் தொடங்கிவிட்டது என்பது பொருள். அத்தகையோர்க்கு வால்வைச் செப்பனிடும் அறுவையைத் தள்ளிப் போடலாகாது என்பது இன்றைய மருத்துவ நெறி. தக்க மருந்துகளை உட்கொண்ட பின்னும் பங்கு 35 விழுக்காட்டுக்கு உயராத இதயங்கள் திடீரெனத் துடிப்புக் குலைந்து நின்றுவிடக் கூடியவை. அவர்களுள் தக்கோருக்கு, துடிப்பைச் சீர்செய்யும் சிறு மின்கருவியை மார்பில் பொருத்துகின்றனர். 34-க்கும் 36-க்கும் இடையே உள்ள சிறு வேறுபாடு, ஒருவருக்கு அக்கருவியைத் தருவதா, வேண்டாவா என்று முடிவு செய்யும் இடத்தில் நிற்கின்றது. ஓரத்தைக் கோடிட்டு வரையும் கை ஒரு நூலளவு தவறினாலும், அத்தவறு ஓர் உயிரைச் சென்று தொடும்.

இன்று இடக் கீழறையை அளக்க வேறு வழிகள் வந்துவிட்டன. 1953-இல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரத்தில் எட்லர், ஹெர்ட்ஸ் ஆகிய இருவர் தொடங்கி வைத்த கேளா ஒலி முறை, இப்போது முதலிடம் பெற்றுள்ளது. குழலும் வேண்டா, அயோடினும் வேண்டா, எக்ஸ் கதிர்களால் விளையும் தீங்கும் இல்லை. காந்தப் புலத்தால் படமெடுக்கும் முறை இன்னும் நுட்பமானது. எனவே அளப்பதற்கென்றே எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பது அருகிவிட்டது. இதயத் தமனிகளைக் காண்பதற்காகக் குழல் நுழைக்கும்போது, வேண்டுமிடத்து இதனையும் செய்து கொள்கின்றனர். ஆயினும் பழைய முறையின் கருத்து மறையவில்லை. ஒலியால் எழும் படத்திலும் அறையை வில்லை வில்லையாகப் பிரித்தே கூட்டுகின்றனர். கருவி மாறிற்று, கணக்கு நிலைத்தது.

மாணவர்களே! இவ்வரலாற்றில் ஹார்வி கையாண்ட நேர்மையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். பங்கு எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் அவர் தம் கருத்துக்குச் சாதகமான பெரிய எண்ணை வைத்துக் கொள்ளவில்லை. பாதகமான சிறிய எண்ணையே வைத்துக் கொண்டார். அதனால்தான் அவருடைய எண் பிழைபட்ட பின்னும் அவருடைய முடிவு பிழைபடவில்லை. அவருக்குப் பின் வந்தோர் நிழலின் மூன்று பிழைகளையும் மறைக்காது எடுத்துரைத்தனர். ஒவ்வொன்றுக்கும் திருத்தம் தேடினர். அளந்தேன் என்று கூறுவது எளிது. என் அளவில் இவ்வளவு பிழை இருக்கலாம் என்று சேர்த்துக் கூறுகின்றவனே அளக்கத் தெரிந்தவன். அத்தகையோர் அளந்த அளவை நம்பியே, மருத்துவர் ஒரு மனிதரின் மார்பில் கை வைக்கத் துணிகின்றார்.

வினாக்கள்

1. குருதி உடலைச் சுற்றி வருகின்றது என்பதை ஹார்வி எக்கணக்கால் நிறுவினார்?

2. எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியும் இதயத்தின் உள்ளறையைக் காட்டாதது ஏன்? அக்குறை எவ்வாறு நீங்கிற்று?

3. நிழலை அளப்பதில் நேரும் மூன்று பிழைகளையும் அவற்றுக்குரிய திருத்தங்களையும் எழுதுக.

4. ஓர் அறை விரிந்த நிலையில் 150 மில்லி லிட்டரும், சுருங்கிய நிலையில் 90 மில்லி லிட்டரும் கொள்ளுகின்றது. அதன் வெளியேற்றப் பங்கு எத்தனை விழுக்காடு? பெருக்கப் பிழையால் இவ்விரு அளவுகளும் ஒரே மடங்கு மிகுந்து காட்டப்பட்டால், அப்பங்கு மாறுமா? காரணம் கூறுக.

5. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்னும் பழமொழி இப்பாடத்திற்கு எவ்வாறு பொருந்துகின்றது என்பதை ஒரு பத்தியில் எழுதுக.